நாட்டுக் கோழி வளர்ப்போர் சங்கமும், வீட்டுக் கூடுகளைப் பார்வையிடும் முறையும்

நம் திருவண்ணாமலை ஜில்லாவின் கிராமங்களில் கோழி வளர்க்காத குடியானவர் வீடு அபூர்வம். ஆயினும், தம் உழவுமாட்டின் விலையையும் மணிலாக் கொல்லையின் மகசூலையும் விரல்நுனியில் வைத்திருக்கும் நிலச்சுவான்தாரை நோக்கி, "உங்கள் வீட்டில் எத்தனை கோழிகள் உள்ளன?" என்று வினவினால், அவர் உள்ளே திரும்பி வீட்டாரைத்தான் கேட்கவேண்டியிருக்கிறது. கோழியின் கணக்கு வீட்டுப் பெண்மணிகளின் மனத்திலேயே இருந்து வருகிறது. குழந்தைகளின் பள்ளிச் செலவு, வைத்தியச் செலவு, விருந்தினர் வருகை முதலிய திடீர்த் தேவைகளுக்கு அவர்களுக்கு உதவும் பணப்பெட்டி அக்கோழிக் கூடே என்பது யாவரும் அறிந்த விஷயம்.

இங்ஙனம் சிறுகச் சிறுகச் சேர்ந்த செல்வம் பல வீடுகளில் ஒரே வாரத்தில் அழிந்துபோகிறது. கோடை தொடங்கும் தருணத்தில் ஒரு வீட்டில் இரண்டு கோழிகள் தலை தொங்கி நிற்கின்றன. மறுவாரம் அத்தெருவின் கூடுகளெல்லாம் காலியாகின்றன. வெள்ளைக்கழிச்சல் என்று நாம் வழங்கும் ராணிக்கெட் வியாதியே பெரும்பாலும் இதற்குக் காரணம். இவ்வியாதிக்குத் தடுப்பு மருந்து இல்லாமலில்லை. நமது ஜில்லாவை அடுத்துள்ள ராணிப்பேட்டையில் 1932ஆம் ஆண்டில் ஸ்தாபிக்கப்பட்ட கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையத்திலேயே அது தயாராகிறது. மருந்து அருகிலேயே இருக்கக் கோழிகள் மடிவதேன்? இக்கேள்விக்கு விடை கூறுவதும், வீட்டுக் கோழி வளர்ப்போர் ஒரு சங்கமாகக் கூடி ஒருவர் கூட்டை மற்றொருவர் பார்வையிட்டுப் பயனடையும் வழியை விளக்குவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சங்கம் எதற்கு?

தடுப்பு மருந்து பொடி வடிவில் சிறு குப்பிகளில் அடைத்து வைக்கப்படுகிறது. ஒரு குப்பி, பொதுவாக 100 கோழிகளுக்கோ அதற்கு மேற்பட்டவற்றுக்கோ போதுமானது. அதைக் குளிரில் வைத்துக் காக்க வேண்டும். உப்பு நீரில் கரைத்துவிட்டாலோ இரண்டு மணி நேரத்திற்குள் செலவிட்டுவிட வேண்டும். மிஞ்சியதை மறுநாளைக்கு வைத்துக்கொள்வதில் பயனில்லை. பத்துக் கோழிகள் மட்டும் உள்ள ஒருவர் ஒரு குப்பியை உடைத்தால் தொண்ணூறு கோழிகளுக்கான மருந்து வீணாகும். இதனாலேயே, "பத்துக் கோழிக்காக ஆஸ்பத்திரிக்கு யார் போவது?" என்று அவர் இருந்துவிடுகிறார். ஆனால் அதே தெருவில் பத்து வீட்டார் ஒன்றுகூடி, வீட்டுக்குப் பத்துக் கோழி வீதம் நூறு கோழிகளுக்கு ஒரே நாளில் மருந்து செலுத்த ஏற்பாடு செய்தால் ஒரு குப்பி சரியாகச் செலவாகிறது. தனியொருவருக்கு இயலாதது பத்துப் பேருக்கு எளிதாகிறது. சங்கத்தின் முதற் பிரயோஜனம் இதுவே.

இரண்டாவது பிரயோஜனம் அறிவு விருத்தி. கோழி வளர்ப்பைப் பற்றிய பிரசங்கத்தை நூறு முறை கேட்பதைக் காட்டிலும், தம்மைப் போன்றவரின் கூடொன்று நன்றாக நடப்பதை ஒரு முறை நேரிற் காண்பது மனத்திற் பதியும். இந்தோனேசியாவில் 1989இல் நெற்பயிரின் புகையான் பூச்சியை அடக்குவதற்காகத் தொடங்கிய வயல்வெளிப் பள்ளி முறை, குடியானவர்கள் வாரந்தோறும் ஒரு வயலிற் கூடி, பார்த்து, தமக்குள் ஆராய்ந்து முடிவு செய்வதையே அடிப்படையாகக் கொண்டது. அது பின்னர்ப் பல தேசங்களுக்கும் நம் நாட்டிற்கும் பரவிற்று. கோழி வளர்ப்பிற்கும் அம்முறை பொருந்தும். மேனாடுகளில் பறவை வளர்ப்போர் நெடுங்காலமாகச் சங்கம் வைத்து வந்துள்ளனர். இங்கிலாந்தில் கோழி வளர்ப்போர் சங்கம் 1877இலும், கூண்டுப் பறவைகளை வளர்ப்போருக்கான சங்கம் 1894இலும் தோன்றின. நம் நாட்டு அசில் சேவலின் இரத்தத்தைக் கலந்து கார்ன்வால் பிரதேசத்தார் 19ஆம் நூற்றாண்டில் உண்டாக்கிய ஜாதியே இன்றைய கறிக்கோழியின் முன்னோர்களுள் ஒன்று. நம் முற்றத்துக் கோழி அற்பமானதன்று என்பதற்கு இஃதொன்றே போதுமான ருசுவாகும்.

கூடிப் பார்ப்பதிலுள்ள அபாயம்

எனினும் இதில் ஒரு பெரிய அபாயமும் உண்டு. ராணிக்கெட் வியாதியை உண்டாக்கும் நுண்ணுயிர் நோயுற்ற கோழியின் எச்சத்திலும், மூக்கு வாய் நீரிலும் ஏராளமாக இருக்கிறது. அது செருப்பிலும், கையிலும், துணியிலும், கூடையிலும், முட்டை அட்டைகளிலும் ஒட்டிக்கொண்டு பிரயாணம் செய்யவல்லது. கண்ணுக்கு நன்றாகத் தோன்றும் கோழி, நோய்க்குறி தென்படுவதற்குச் சில தினங்கள் முன்பே அதைப் பரப்பத் தொடங்கிவிடும். ஆகையால், வீடு வீடாகச் சென்று கூடு பார்க்கும் சங்கம் முறை தவறி நடந்தால், அறிவைப் பரப்புவதற்குப் பதிலாக வியாதியையே பரப்பும்.

இவ்வியாதி 1926இல் ஜாவாத் தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்திலும் கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டில் இமயமலைச் சாரலிலுள்ள ராணிக்கெட் என்னும் ஊரில் தோன்றவே, நம் நாட்டில் அப்பெயர் நிலைத்தது. அது மனிதரோடும் பறவைகளோடும் எவ்வாறு பரவுகிறது என்பதற்கு அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணம் கண்ட இரு சேதங்கள் தக்க சான்றுகள். 1971இல் வெளிநாட்டிலிருந்து வந்த அலங்காரக் கூண்டுப் பறவைகளின் வழியாக நுழைந்த வியாதியை அடக்க, அங்கு ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் கோழிகளைக் கொல்ல நேர்ந்தது. 2002-03இல் மறுபடியும் தோன்றியபோது, அது வீட்டுப் புறக்கடைகளில் வளர்த்த சண்டைச் சேவல்களிடம் தொடங்கிப் பெரும் பண்ணைகளுக்குத் தாவிற்று. அம்முறையும் 30 லட்சத்துக்கு மேற்பட்ட பறவைகள் அழிக்கப்பட்டன. இங்கிலாந்திலோ 1984இல், லிவர்பூல் துறைமுகத்துத் தானியக் கிடங்குகளில் நோயுற்ற புறாக்களின் எச்சம் தீவனத்திற் கலந்ததால் பல பண்ணைகளில் வியாதி கண்டது.

ஆதலால் சங்கத்தார் மனத்திற்கொள்ள வேண்டிய தலையாய விதி ஒன்றே: கோழி வீடு விட்டு வீடு போகலாகாது, மனிதர் போகலாம், அவரும் கை கால் கழுவிய பின்னரே போக வேண்டும்.

சங்கத்தை அமைக்கும் விதம்

ஒரு தெருவிலோ குக்கிராமத்திலோ உள்ள எட்டு முதல் பன்னிரண்டு வீட்டார் ஒரு சங்கத்திற்குப் போதும். அதற்கு மேற்பட்டால் மருந்து செலுத்தும் தினத்தில் இரண்டு மணி நேரத்திற்குள் வேலை முடிவுபெறாது. தமிழ்நாட்டில் 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இப்போது எல்லாக் கிராமங்களிலும் இருப்பதால், புதிதாக ஒன்றைத் தொடங்காமல் அக்குழுவிற்குள்ளேயே கோழி வளர்ப்போரைச் சேர்த்துக்கொள்வது சுலபம். விவசாய இலாகாவின் அட்மா திட்டத்தில் உழவர் ஆர்வலர் குழுக்களுக்கும் கண்டுணர்வுப் பயணங்களுக்கும் இடமிருக்கிறது. வட்டார அலுவலகத்தில் விசாரித்து அறிந்துகொள்ளலாம்.

சங்கத்தில் ஆண்கள் பெயரை மட்டும் எழுதிவிட்டுக் கோழியைப் பெண்கள் பார்த்துக்கொள்வது என்னும் ஏற்பாடு பயன் தராது. எந்தக் கோழி எந்நாள் அடையில் அமர்ந்தது, எது எச்சம் மாறிப் போட்டது என்பதை அறிந்தவரே பேச வேண்டும். ஆகவே பார்வையிடும் தினத்தில் கூட்டைக் காட்டி விவரம் கூற வேண்டியவர் அவ்வீட்டில் கோழிகளைப் பராமரிக்கும் அம்மையாரே. வீட்டுத் தலைவர்கள் அருகிலிருந்து கேட்பது நலம்.

ஒவ்வொரு வீட்டாரும் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ள வேண்டும். இட்ட முட்டை, அடை வைத்த முட்டை, பொரித்த குஞ்சு, இரண்டு மாதம் பிழைத்த குஞ்சு, விற்றது, வீட்டிற்கு எடுத்தது, இறந்தது ஆகிய ஏழு இனங்களை எழுதி வந்தால் போதும். பன்னிரண்டு முட்டை வைத்துப் பத்துக் குஞ்சு பொரித்து, அவற்றில் மூன்று நான்கே மிஞ்சும் வீடுகள் பல. நாட்டுக் கோழி வளர்ப்பில் பெருநஷ்டம் முட்டையில் அன்று, குஞ்சில்தான் என்பது அப்புத்தகத்தைப் பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிடும்.

பார்வையிடும் தினத்தின் ஒழுங்குகள்

மாதத்திற்கு ஒரு முறை, ஒரு தினத்தில் ஒரே வீடு என்று ஏற்படுத்திக்கொள்வது உத்தமம். கூட்டைத் திறந்துவிடுவதற்கு முன், விடியற்காலையிலேயே செல்ல வேண்டும். இரவில் அடியில் விழுந்த எச்சமே கோழியின் ஆரோக்கியத்தைக் கூறும் முதற் சாட்சியாதலாலும், கோழிகள் மேய்ச்சலுக்குச் சிதறிய பின் எண்ணிப் பார்க்க இயலாதாதலாலும் இந்நேரமே பொருத்தமானது. பின்வரும் ஒழுங்குகளைத் தவறாது கைக்கொள்ள வேண்டும்.

(1) கடந்த ஒரு மாதத்திற்குள் தம் வீட்டிலாவது அண்டை வீட்டிலாவது கோழி நோயுற்றோ காரணம் தெரியாமலோ இறந்திருக்குமானால், அவ்வங்கத்தினர் அம்மாதம் வரலாகாது. வராமலிருப்பது மரியாதைக் குறைவன்று. அதுவே சங்கத்திற்குச் செய்யும் உபகாரம்.

(2) தம் வீட்டுக் கோழிகளைக் கையாண்ட துணியோடு வராமல், துவைத்த துணி உடுத்தி வர வேண்டும். செருப்பை வாசலிலேயே விட்டுவிட வேண்டும்.

(3) வீட்டிற்குள் நுழையுமுன் கால் கழுவுவது நம் முன்னோர் வழக்கம். அதற்கென வாசலில் ஒரு தவலைத் தண்ணீரும் சவுக்காரமும் வீட்டார் வைத்திருக்க வேண்டும். வரும்போதும் போகும்போதும் கை கால்களை நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

(4) வந்தவர் எவரும் கோழியையோ குஞ்சையோ கையால் தொடலாகாது. பார்க்க வேண்டிய கோழியை வீட்டாரே பிடித்துக் காட்டுவர்.

(5) முதலில் குஞ்சுகளையும், பிறகு விடைக்கோழிகளையும், கடைசியில் பெரிய கோழிகளையும் பார்க்க வேண்டும்.

(6) பார்வையிட்ட வீட்டிலிருந்து அன்று கோழி, அடைமுட்டை, பஞ்சாரம், தீவனச் சாக்கு எதையும் எடுத்துச் செல்லக் கூடாது. நல்ல சேவலைக் கண்டு அதை வாங்க விரும்பினால், பிறிதொரு நாளில் வாங்கி, தம் வீட்டில் மூன்று வாரம் தனியே அடைத்து வைத்து, நோய் இல்லையென்று தெரிந்த பின்னரே மற்றவற்றோடு விட வேண்டும்.

கவனித்துப் பார்க்க வேண்டியவை

கூடு: நாட்டுக் கோழிக்கு இரவில் தங்க ஒன்று முதல் ஒன்றரைச் சதுர அடி இடம் போதும். கூடு தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்தில் நின்றால் கீரியும் மரநாயும் எளிதில் நுழையா. எச்சமும் கீழே விழுந்து சுத்தம் செய்ய வசதியாகும். எதிரெதிர்ப் பக்கங்களில் காற்றோட்டம் உண்டா, ஐப்பசி கார்த்திகை மழையில் சாரல் அடிக்குமா என்று நோக்க வேண்டும். உள்ளே உருண்டையான கழி ஒன்றைக் குறுக்கே கட்டி, கோழி ஒன்றுக்கு ஆறு முதல் எட்டு அங்குலம் இடம் விடலாம்.

உண்ணியும் செல்லும்: பகலில் கூட்டுப் பலகைகளின் வெடிப்புகளில் ஒளிந்திருந்து, இரவில் வந்து இரத்தம் குடிக்கும் உண்ணி கோழிக்குக் கடுஞ் சுரத்தையும் தரும். பகலில் கோழியைப் பார்த்தால் இது தெரியாது. ஆகவே வெடிப்பினுள் ஒரு குச்சியால் கிளறிப் பார்க்க வேண்டும். அவ்விடங்களை மண்ணால் பூசிச் சுண்ணாம்பு அடித்து மூடிவிடுவதே நிலையான பரிகாரம். அடைக்கோழியின் உடம்பிற் செல் இருந்தால் அது அடையை விட்டு அடிக்கடி எழுந்துவிடும். முட்டைகள் குளிர்ந்து கெடும். சாம்பலும் மணலும் கலந்த புழுதிக் குழி ஒன்று நிழலில் இருந்தால் கோழி தானே புரண்டு தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும்.

அடை: அடை வைக்கும் முட்டை ஏழு நாட்களுக்கு மேற்பட்டதாயிருத்தல் கூடாது. நிழலில் ஈர மணல் பரப்பிய சட்டியின் மீது வைக்கோலிட்டு, அதில் முட்டைகளை வைத்துக் காக்கலாம். ஏழாம் நாள் இரவில் விளக்கொளியில் முட்டையைப் பிடித்துப் பார்த்தால், கருக்கூடியதில் சிவந்த நரம்புகள் ஓடுவது தெரியும், கூடாதது தெளிவாயிருக்கும். அப்படிப்பட்டதை நீக்கிவிட்டால் மற்றவற்றிற்குச் சூடு நன்றாகக் கிட்டும். இருபத்தொன்றாம் நாள் குஞ்சு பொரியும்.

குஞ்சு: பிறந்த குஞ்சுகளை முதல் நான்கு வாரம் தாயோடு பஞ்சாரத்தில் வைத்துக் காத்தாலே பருந்துக்கும் காக்கைக்கும் பூனைக்கும் இரையாவது பெரிதும் குறையும். தண்ணீர்த் தட்டு ஆழமில்லாமல், நடுவே கூழாங்கற்கள் இட்டதாய் இருக்க வேண்டும். நொய்யும் உடைத்த கம்பும் சோளமும் கொடுப்பதோடு கறையானும் பிடித்துப் போடலாம். பழைய பானையில் வைக்கோல், கந்தல் சாக்கு, உலர்ந்த சாணம் ஆகியவற்றை நிரப்பி நீர் தெளித்து, கறையான் நடமாடும் இடத்தில் மாலையிற் கவிழ்த்து வைத்தால், மறுநாட் காலையில் குஞ்சுகளுக்கு வேண்டிய கறையான் சேர்ந்திருக்கும். செலவில்லாத புஷ்டியான ஆகாரம் இதைவிட வேறில்லை.

தீவனம்: மணிலா விளையும் நம் ஜில்லாவில் இதைச் சற்று விசேஷமாகக் கவனிக்க வேண்டும். மழையில் நனைந்து பூசணம் பிடித்த மணிலாக்கொட்டையை, "நமக்கு ஆகாது, கோழிக்காவது ஆகட்டும்" என்று போடும் வழக்கம் உண்டு. இங்கிலாந்தில் 1960இல் ஒரு லட்சம் வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. ஆராய்ந்ததில், பிரேசில் தேசத்திலிருந்து வந்த மணிலாப் பிண்ணாக்கில் பிடித்திருந்த பூசணத்தின் விஷமே காரணம் என்று வெளியாயிற்று. அவ்விஷத்திற்கு அப்ளாடாக்ஸின் என்று பெயர். அது ஈரலைக் கெடுக்கும். வேகவைத்தாலும் வறுத்தாலும் முழுவதும் நீங்காது. ஆகவே பார்வையிடும்போது தீவனப் பானையையும் பிண்ணாக்குச் சாக்கையும் திறந்து, முகர்ந்து, பச்சையோ மஞ்சளோ பூத்திருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

மருந்து செலுத்தும் தினம்

குஞ்சு பிறந்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு மருந்து விட வேண்டும். சுமார் நான்காம் வாரத்தில் மீண்டும் ஒரு முறை கொடுப்பது வழக்கம். எட்டாம் வாரத்தில் இறக்கையினடியில் ஊசி போட வேண்டும். இவ்வூசி மருந்து இமயமலைப் பகுதியிலுள்ள முக்தேசுவர் ஆராய்ச்சி நிலையத்தில் 1940களில் உருவாக்கப்பட்ட வித்திலிருந்து வருவது. சற்று வலிமையுடையதாதலால் சிறு குஞ்சுகளுக்குப் போடலாகாது. ஊசிக்கு ஒரு வாரம் முன்னதாகக் குடற்புழு நீக்க மருந்து கொடுத்துவிடுவது நன்று. கால்நடை இலாகாவினர் ஆண்டுதோறும் பிப்ரவரி மாதத்தையொட்டி, அதாவது வியாதி பரவும் கோடைக்கு முன்பாகவே, கிராமங்களில் இலவசமாகக் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகின்றனர்.

முகாமுக்கு முதல்நாள் இரவு, சங்கத்தார் யாவரும் தத்தம் கோழிகளைக் கூட்டிலேயே அடைத்து வைத்திருக்க வேண்டும். காலையில் திறந்துவிட்ட பின் கோழியைத் துரத்திக்கொண்டிருந்தால் குப்பியிலுள்ள மருந்து வீரியமிழந்துவிடும். எல்லாக் கோழிகளையும் ஓரிடத்திற்குக் கூடையில் வைத்துக் கொண்டுவருவதைக் காட்டிலும், ஊசி போடுபவர் வீடு வீடாகச் செல்வதே பாதுகாப்பானது. வீட்டுக்கு வீடு ஊசியை மாற்றிக்கொள்வதும், கை கால் கழுவுவதும் முன் சொன்னபடியே நடக்க வேண்டும். தளர்ந்த கோழி இருக்கும் வீட்டை அன்று தவிர்த்து, மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். ஊசி போட்டவுடனே பாதுகாப்பு உண்டாகிவிடாது. அதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் பிடிக்கும். ஆகவே பக்கத்து ஊரில் வியாதி வந்த பின் ஊசி தேடி ஓடுவது வெள்ளம் வந்தபின் கரை போடுவதை ஒக்கும்.

கோழியல்லாத பறவைகள்

சில அங்கத்தினர் வீடுகளில் புறா, வாத்து, வான்கோழி, கினிக்கோழி முதலியனவும், பிள்ளைகள் பிரியத்திற்காகக் கூண்டில் லவ் பேர்ட்ஸ் என்னும் ஆஸ்திரேலிய நாட்டுச் சிறு கிளிகளும் இருக்கும். அவற்றையும் பார்வையிடலாம், ஆனால் கோழியைப் பார்த்த கையோடு புறாக்கூட்டிற்கோ, புறாவைப் பார்த்த கையோடு கோழிக்கோ செல்லலாகாது. கழுத்து முறுக்கிச் சுழலும் புறாவிற்கு ராணிக்கெட் இனத்தைச் சேர்ந்த வியாதியே இருக்கக்கூடும். புறா எச்சம் கோழித் தீவனத்தில் விழாதபடி தீவனப் பானையை மூடி வைக்க வேண்டும்.

சட்டத்தையும் இங்கு நினைவூட்டுதல் தகும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நம் நாட்டுப் பச்சைக்கிளி, கௌதாரி முதலிய காட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் கூண்டில் வைப்பதும் குற்றமாகும். கொல்லையிற் கிடைத்த மயில் முட்டையை எடுத்து வந்து கோழியின் அடியில் வைப்பதும் அவ்வாறே. லவ் பேர்ட்ஸுக்குப் பதிவு வேண்டியதில்லை; ஆனால் பெரிய பஞ்சவர்ணக் கிளி, ஆப்பிரிக்கச் சாம்பற்கிளி முதலிய அயல்நாட்டு அரிய ஜாதிகளை வைத்திருப்போர் 2024ஆம் ஆண்டின் விதிகளின்படி அரசாங்கத்தில் பதிவு செய்தல் வேண்டும்.

வியாதி கண்டால் செய்ய வேண்டியது

கோழி வாய் திறந்து மூச்சு வாங்குதல், பச்சையும் வெள்ளையுமாகக் கழிதல், இறகு தொங்குதல், கால் இழுத்தல், கழுத்து திருகிக்கொள்ளுதல் ஆகிய குறிகளுள் எது தோன்றினும் உடனே அன்றைய பார்வை முதலியவற்றை நிறுத்திவிட வேண்டும். அச்சமயத்தில் பலர் செய்யும் காரியம், மீதிக் கோழிகளைச் சந்தைக்குக் கொண்டுபோய்க் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவதே. நூறு ரூபாய் மிச்சமாயிற்று என்று அவர் எண்ணுகிறார். அதனால் வியாதி நான்கு ஊர்களுக்குப் போய்ச் சேருகிறது. அந்நான்கு ஊர்களிலிருந்து வரும் கோழிகளே அடுத்த ஆண்டு அவர் வீட்டிற்கு மறுபடியும் அதைக் கொண்டுவரும். எனவே நோயுற்ற வீட்டிலிருந்து கோழியோ முட்டையோ வெளியேறலாகாது. இறந்த கோழியைக் குப்பைமேட்டிலோ ஏரி வாய்க்காலிலோ எறியாமல், ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு இட்டுப் புதைக்க வேண்டும். கூட்டைச் சோடா உப்பு கலந்த வெந்நீரால் கழுவி, சுண்ணாம்பு அடித்து, வெயிலிற் காயவிட வேண்டும். கடைசிக் கோழி இறந்து ஒரு மாதம் கழியும் வரை அவ்வீட்டிற்குப் புதிய கோழி வருவதும், அவ்வீட்டார் பிறர் கூட்டைப் பார்க்கச் செல்வதும் கூடா.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கு

2009ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின் அட்டவணையில் ராணிக்கெட் வியாதியும் பறவைக் காய்ச்சலும் சேர்க்கப்பட்டுள்ளன. பறவைக் காய்ச்சல் நம் நாட்டில் முதன்முதலாக 2006இல் மகாராஷ்டிரத்தின் நந்துர்பார் ஜில்லாவில் காணப்பட்டது. இவ்வியாதிகள் இருப்பதாகச் சந்தேகம் தோன்றினால், கோழிக்கு உடையவர் கிராம அதிகாரிக்கோ ஊராட்சிக்கோ தெரிவிப்பதும், அவர்கள் அதைக் கால்நடை மருத்துவருக்கு அறிவிப்பதும் கடமையாகும். அவசரத்திற்கு 1962 என்னும் எண்ணில் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம். பறவைக் காய்ச்சல் மனிதரையும் தொற்றக்கூடியதாதலால், ஒரே நாளில் பல கோழிகள் மடிந்தால் வெறுங்கையால் தொடுவதும், சமைத்து உண்பதும், காக்கைகள் கொத்தும்படி விடுவதும் ஆகா.

ஊராட்சித் தலைவர்களும் கிராம நிர்வாக அலுவலர்களும் தங்கள் எல்லைக்குள் குறைந்தது ஒரு சங்கமாவது ஏற்படும்படி முயற்சி செய்வார்களாயின், வியாதிச் செய்தி அவர்களுக்கு முதல் நாளிலேயே எட்டும். ஒரு வீட்டில் இரண்டு கோழிகள் இறந்ததை மறைக்காமல் கூறும் பழக்கம் அச்சத்தால் உண்டாவதன்று. கூறினால் உதவி வரும் என்னும் நம்பிக்கையால் உண்டாவது. அந்நம்பிக்கையை வளர்ப்பது உத்தியோகஸ்தர் கையிலேயே இருக்கிறது.

முடிவுரை

புரட்டாசியிலும் கார்த்திகை தீபக் காலத்திலும் நம் பக்கத்தில் கோழிக்குக் கிராக்கி குறைவு. ஆனால் கார்த்திகை கழிந்த பின், மழையும் குறைந்து, அடை வைக்கவும் சங்கம் கூடவும் ஏற்ற காலம் வருகிறது. மார்கழியில் பத்து வீட்டார் பெயரைச் சேர்த்து, தை மாதத்தில் முதற் கூட்டைப் பார்த்து, மாசிக்குள் எல்லாக் கோழிகளுக்கும் மருந்து செலுத்திவிட்டால், கோடை வரும்போது அச்சமின்றி இருக்கலாம். இதற்குப் பெருந்தொகை மூலதனம் வேண்டியதில்லை. வாசலில் ஒரு தவலைத் தண்ணீரும், ஒரு நோட்டுப் புத்தகமும், அண்டை வீட்டாரோடு ஒற்றுமையுமே வேண்டும். பத்துக் கூடுகளும் ஒருங்கே காக்கப்படாத வரையில் எந்த ஒரு கூடும் காக்கப்பட்டதாகாது என்பதைக் குடியானவர்கள் உணர்ந்து, இவ்வாண்டிலேயே இம்முயற்சியைத் தொடங்குவார்களாக.